ரெபேக்காவின் நோட்டு

தாராவியில் அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் அப்போது நான்கு பேர் இருந்தார்கள்: ஏசுதாஸ், மனைவி ஏஞ்சலம்மாள், அடுத்த மாதம் கல்யாணமாகப் போகும் மகள் ரெபேக்கா, இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த மைத்துனர் ஜாபெஸ்.

மகளின் பழைய காலேஜ் நோட்டில் புதிதாக ஏதோ எழுதியிருப்பதைக் கண்டுதான் ஏசுதாஸ் ஜாபெஸை வரவழைத்திருந்தார்.

“‘ஹி சீட்டட் மீ.’ என்னை ஏமாத்திட்டான். ‘ஹி டுக் மீ ஃபார் எ ரைட்.’ இதுக்கும் ஏமாத்திட்டான்னுதான் அர்த்தம் அத்தான். ‘ஹி மேட் எ ஃபூல் ஆஃப் மீ.’ இதுவும் அதேதான்.”

“ஒரே பய எத்தன தடவ ஏமாத்துவான்? ஏட்டி, யாரு அவன்? நம்ம குடும்ப மானத்தோட வெளையாடுனவன சர்ச் வாசல்ல முட்டுக்குத்த வைக்கேன்!”

அவர் போட்ட சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. ரெபேக்கா அம்மாவைப் பார்த்தாள்.

“எழுதுனது நாந்தான்,” என்றாள் ஏஞ்சலம்மாள். “நான் போற இங்கிலீஷ் கிளாஸ்ல ஏமாத்துறதுக்கு உள்ள வார்த்தையெல்லாம் சொல்லித் தந்து, சொந்த வாழ்க்கையில நடந்தத வச்சு எழுதச் சொன்னாவ.”

“ஒன்ன எவன் ஏமாத்துனான்?”

“மாட்டுங்காவுல சொந்த பிளாட் இருக்குன்னு சொல்லித்தான என்னைய கட்டிக் கூட்டிட்டு வந்திய?”

ஜாபெஸ் பக்கத்தைப் புரட்டினார். “ஆமா அத்தான், மாட்டுங்கான்னு எழுதியிருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், மாப்பிள்ளையின் அப்பா சர்ச் வாசலிலேயே ஏசுதாஸை நிறுத்திவிட்டார்.

“ஒங்க மவள எவனோ ஏமாத்திட்டதா பேசிக்கிடுதாவளே?”

ஏசுதாஸ் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“தப்பு. மவள இல்ல, அவ அம்மைய. ஏமாத்துனது நான்.”