வாசலில் ஆணிகள்

1987இல், ஆஸ்திரேலியாவில் டண்டினொங்குக்குப் பக்கத்திலிருந்த ஓர் அரசாங்க ஹொஸ்டலில் திலகத்துக்கும் மகாதேவனுக்கும் ஓர் அறை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் செய்தது போலவே செருப்பு, சப்பாத்தையெல்லாம் கதவுக்கு வெளியே கழற்றி வைத்தார்கள். மற்ற அறைக்காரர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை.

விடிந்து பார்த்தால், மகாதேவனின் வேலைச் சப்பாத்துக் குதிகளில் ஆணி இருக்காது. பிடுங்கிய ஆணிகள் வாசலில் ஒழுங்காக அடுக்கியிருக்கும்.

"ஆரோ சேட்டை விடுறாங்கள்," என்று மகாதேவன் பொரிந்து தள்ளினார்.

ஹொஸ்டலைக் கூட்டித் துடைக்கும் கிழவி மரியா சிரிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்கள் தங்கியிருந்தார்களாம். ஆணி உரசி ஒரு பொறி பறந்தாலும் எல்லோரும் போச்சு என்பதால், ஆணிச் சப்பாத்தோடு யாரையும் தொழிற்சாலைக்குள் விடமாட்டார்களாம்.

அன்றிரவு சப்பாத்தை உள்ளே எடுத்து வைத்து, கதவைத் தாழிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் தாழ் போட்டபடியே இருந்தது. ஆணிகள் கட்டிலடியில் வரிசையாகக் கிடந்தன. கூடவே நீளமாய் இன்னோர் ஆணி. ஷெல் விழுந்து செத்த தம்பியின் படத்தைத் திலகம் சுவரில் மாட்டியிருந்த ஆணி அது. படம் ஒரு கீறல்கூட இல்லாமல் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

மகாதேவன் சுத்தியலைத் தேடினார்.

"அடிக்காதேங்கோ," என்றாள் திலகம். "பாவம், அந்தத் தொழிற்சாலை ஆக்கள் இன்னும் பயந்துபோய் இருக்கினம்."

பிறகு, ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வோர் ஆணியையும் பஞ்சில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் மெதுவாக வைத்தாள்.