நாயிடம் கேட்டது

நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது அந்தப் பெட்டை கிரேஹவுண்ட் நாய்.

தங்கை வாரைப் பிடித்து இழுத்தாள். முப்பது கிலோ. பந்தயத்தில் காற்றாய்ப் பறந்த கால்கள், நடைபாதையின் நடுவே நட்டுவைத்தது போல நின்றன.

எதிரே அக்கா வந்துகொண்டிருந்தாள், தன் குட்டைக்கால் நாயோடு.

இந்தச் சந்திப்பைத் தவிர்க்கத்தான் தங்கை நடைக்கு வரும் நேரத்தை மாற்றினாள். பிறகு தெருவை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. பந்தயக் கொட்டகையில் இருபது நாய்களுக்கு நடுவில், ஒன்றின் முதுகில் ஒன்று தலைவைத்துத் தூங்கி வளர்ந்தது. எந்த நாயைக் கண்டாலும் அதற்குச் சொந்தம்தான். 'மற்ற நாய்களோடு நன்றாகப் பழகும்' என்று தத்துக் கொடுத்தவர்கள் பெருமையாகத்தான் சொன்னார்கள்.

பழகட்டும். அதற்கு இந்த நாய்தானா கிடைத்தது?

அம்மாவின் கடைசி நாட்களில் யார் எத்தனை நாள் கூட இருந்தது என்று கிளம்பிய பேச்சு. இருவரும் பேசி மூன்று வருடம் ஆகிறது. முதலில் வாயைத் திறப்பது தானாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பிடிவாதம்.

நாய்கள் மூக்கோடு மூக்கு வைத்தன. நெட்டை, குட்டையின் மேல் அப்படியே சாய்ந்துகொண்டது. வார்கள் பின்னிக்கொண்டன.

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பியபடி சிக்கெடுத்தார்கள்.

இப்படி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் நாய்களிடம்தான் பேச்சு. அப்பாவோடு சண்டை என்றால் அம்மா பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவாளே, அதே மாதிரி.

"என்னடி, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட?" என்றாள் அக்கா, கிரேஹவுண்டிடம்.

தங்கைக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த இனமே ஒல்லி. விலா தெரிந்தால்தான் அது ஆரோக்கியம். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கி வாய் வலித்துப்போன பதில். இவளுக்கும் ஒருமுறை ஒப்பிக்க வேண்டுமாக்கும்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

குட்டைக்கால் நாயிடம் வெடுக்கென்று ஏதாவது சொல்லலாம் என்று தங்கை நிமிர்ந்தாள்.

அக்கா நாயின் பக்கமே பார்க்கவில்லை. வாரை உயர்த்திப் பிடித்திருந்த தங்கையின் கையில் முழங்கை வரை வழுக்கி இறங்கியிருந்த கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை இன்னும் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

"காட்டினேன்க்கா," என்றாள். "புதன்கிழமை ஆபரேஷன்."