அழுக்குப் படாத நீல டேப்

இன்பராஜ் தன் நெடும்பயண டூரிங் சைக்கிளிலிருந்து கழற்றிய நேர் ஹேண்டில், ஷெட் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அதன் இடத்தில் இப்போது வளைந்த ஹேண்டில் ஒன்று, கடையில் புதிதாக நீல டேப் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு பழைய ரேஸ் சைக்கிளிலிருந்து மலிவாகக் கிடைத்தது.

"இனிமேல் இன்பராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிர்க்காற்றில் திணற வேண்டாம்," என்றது வளைந்த ஹேண்டில். "என் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தால் போதும், பறப்பார். உன்னை எடைக்குப் போட்டுவிடுவார்."

"பிரேக் பிடியை எங்கே மாட்டினார்?"

"புதுசுக்குச் செலவாகும் என்று உன்னுடையதையே பொருந்தும்படி அரத்தால் ராவி என் மேல்பகுதியில் மாட்டிவிட்டார். அதனால் என்ன?"



மூன்று நாள் மலைப்பாதையில் சுற்றிவிட்டு இன்பராஜ் திரும்பி வந்தார்.

"வழி முழுக்க என்னை விடவே இல்லை," என்றது வளைந்த ஹேண்டில்.

நேர் ஹேண்டில் டேப்பைப் பார்த்தது. மேலே, பிரேக்கை ஒட்டிய இடம் மட்டும் வியர்வையில் கறுத்திருந்தது. கீழ் வளைவு கடையில் சுற்றிய மாதிரியே பளிச்சென்று இருந்தது.

"என்னையும் இப்படித்தான் பிடிப்பார்," என்றது. "நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு."

"திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக் தேவைப்பட்டது. கீழிருந்து அது எட்டாது," என்று முனகியது வளைந்த ஹேண்டில்.

வாசலில் இன்பராஜ் நண்பரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "குனிஞ்சு ஓட்டுற சுகமே தனிடா. நீயும் மாத்திடு."