முழுசாப் பத்து மாசம்

"கேட்டா, பத்து மாசம் முழுசா இருந்துதான் பொறந்தான்னு சொல்லிடுங்க. உளறிக் கொட்டிடாதீங்க."

பள்ளி மாடிப்படியில் வைத்து அம்மா மூன்றாவது முறையாகப் பாடம் நடத்தினாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் ரகம்.

"டாக்டர் குடுத்த லெட்டரைக் காட்டிடலாமே. பரீட்சையில கூடக் கொஞ்சம் நேரம் குடுக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கார்?"

"குடுப்பாங்க. கூடவே குறைமாசப் புள்ளைன்னு நெத்தியில எழுதி ஒட்டித் தனியா உக்கார வெச்சுடுவாங்க. வேண்டாம்."

குருவி அவர்களுடைய ஒரே மகன். எட்டு வயது. மூன்றரை மாதம் முன்னதாகப் பிறந்து, எழுபது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவன். இப்போது வாய் ஓயாது. யார் கதை சொன்னாலும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பான். ஆனால் கணக்கு என்றால் ஆமை வேகம்தான். மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் நடுவில் ஒன்று காணாமல் போய்விடும். அதற்காகத்தான் வகுப்பு ஆசிரியை கூப்பிட்டிருக்கிறார் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

வகுப்பறையில் ஆசிரியை காட்டிய இரண்டும் குழந்தைகள் உட்காரும் நாற்காலிகள். அப்பா முழங்காலை மடக்கி எப்படியோ உட்கார்ந்தார்.

"உங்க பையன் விஷயமா ஒண்ணு பேசணும்."

"நல்லாப் படிக்கிற பையன்தான் மிஸ்," என்று அம்மா முந்திக்கொண்டாள். "ஒம்போது மாசத்துலயே நடந்துட்டான். பொறந்தப்பவே மூணரைக் கிலோ."

"நாலு," என்றார் அப்பா, உதவி செய்வதாக நினைத்து. காது இரண்டும் பழுத்த மிளகாய் நிறத்துக்குப் போயின.

ஆசிரியை குனிந்து மேஜை இழுப்பறையில் எதையோ தேடினார். "பிரசவமெல்லாம்?"

"பத்து மாசம் மிஸ். மேல ரெண்டு நாள்கூட ஆச்சு."

அம்மா சட்டென்று சொல்லிவிட்டாள். அந்த எழுபது நாளும் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றவள் அவள்தான். பிள்ளை போராடிப் பிழைத்து வந்ததைத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்கிறோமே என்று வலித்தது.

"அப்படியா?" ஆசிரியை நிமிர்ந்தார். "பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கே அவன் எங்கிட்ட வந்து, 'பொறக்கறப்ப அவசரப்பட்டுட்டேன் மிஸ், அதனால இப்ப நிதானமாத்தான் போவேன்'னு சொல்லிட்டானே. அன்னிலேருந்து பரீட்சைக்குப் பத்து நிமிஷம் கூடக் குடுக்கறேன். அவனும் ஒழுங்கா முடிச்சிடறான்."

அம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "அப்போ... எதுக்கு மிஸ் எங்களை வரச் சொன்னீங்க?"

"அந்தக் கண்ணாடிப் பெட்டிக் கதையை அவன் சொல்ற அழகைக் கேட்டுட்டு, இப்ப என் கிளாஸ்ல பதினோரு பேர் தாங்களும் குறைமாசம்தான்னு பத்து நிமிஷம் கேட்டு நிக்கறாங்க. அதுல நாலு பேருக்கு உங்க பையனே விசாரிச்சு, சரிதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான்."