முடக்கில் நின்றுபோகும் ஹோர்ன்

“பாருங்கோ, இண்டைக்கும் அப்படித்தான்!”

சபூறா வெறும் மீன்சட்டியைக் குசினி வாசலில் டங்கென்று வைத்தாள்.

கடை திறக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவர் இஸ்ஸதீன் திரும்பிப் பார்த்தார். “என்ன நடந்தது?”

“அந்த மீன்காரன்தான். சந்தியிலை இருந்து பாம் பாம் எண்டு ஊரை எழுப்பிக்கொண்டு வாறான். ஒழுங்கை வளையிற எங்கட முடக்கு வந்த உடனை ஹோர்னும் இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. கள்ளன் மாதிரி மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போறான். நான் சட்டியோடை படலைக்கு ஓட, அவன் நாலு வீடு தள்ளி நிண்டு திரும்பப் பாம் பாம்!”

இஸ்ஸதீனுக்கு மீன் இல்லாவிட்டால் சோறு தொண்டைக்குள் இறங்காது. ஆனால் சபூறாவின் கோபம் மீனுக்காக இல்லை என்று அவருக்குத் தெரியும்.

புத்தளத்திலிருந்து தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்ததே இந்தத் தை மாதத்தில்தான். பிறந்த மண்ணில் கண்ணை மூட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சபூறா சிறுமியாக இந்த ஊரை விட்டுப் போனவள். அவளுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் புத்தளத்தில்தான். வந்த நாள் முதல் அவள் இந்த ஊரை மனதுக்குள் ஒரு வழக்காக நடத்திக்கொண்டிருந்தாள்.

“எதிர்வீட்டு மனிசி ஒரு நாளாவது முகம் பாத்துச் சிரிச்சவவோ? கதவே திறக்கிறேல்லை. இப்ப மீன்காரனும். நாங்கள் வந்தது இவையளுக்குப் பிடிக்கேல்லை. பெருநாளுக்குப் புத்தளம் போனா நான் திரும்பி வரமாட்டன். சொல்லிப்போட்டன்.”

இஸ்ஸதீன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அப்படி இருக்குமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது.

மறுநாள் காலை சபூறா படலைக்குப் பின்னால் ஒளித்து நின்றாள்.

சந்தியில் கேட்ட ஹோர்ன் முடக்கில் நின்றது. மீன்காரன் கிறகோரி எஞ்சினை நிறுத்தி இறங்கி, பெட்டியோடு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். செருப்புச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்பது போல நடந்தான்.

“நில்லும் தம்பி!”

அவன் திடுக்கிட்டுப் போனான். “மெதுவா அக்கா, மெதுவா. அங்கால வாங்கோ, தாறன்.”

“ஏன் மெதுவா? எங்களுக்கு மீன் விக்கிறதை ஆரும் கண்டால் வெக்கமோ?”

“ஐயோ, அது இல்லையக்கா…”

“வேறை என்ன? தொண்ணூறிலை கலைபட்ட சனம், திரும்பி வந்து ஒரு சூடை மீன் வாங்கித் தின்னவும் கூடாதோ?”

ஒழுங்கை முழுவதும் கேட்டது. கிறகோரி கையெடுத்துக் கும்பிட்டான். அவன் கும்பிடக் கும்பிட அவளுக்குக் குரல் ஏறியது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

கிறகோரி தலையைக் குனிந்துகொண்டான்.

மரியமலர் ஓட்டமும் நடையுமாக வந்தாள். தலை வாரவில்லை. கையில் சட்டியும் இல்லை. மீன்பெட்டியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

“கிறகோரி, என்ர பொடியனைக் கண்டனியளோ?”

“இல்லை, மலரக்கா.”

சபூறா அப்போதுதான் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

சபூறாவும் இஸ்ஸதீனும் ஊருக்கு வருவதற்கு முந்தின மார்கழியில், நாயாற்றிலிருந்து கடலுக்குத் தொழிலுக்குப் போன படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரைசேர்ந்தார்கள். மரியமலரின் மகன் றஜித் மட்டும் இன்னும் வரவில்லை. உடலும் வரவில்லை.

கிறகோரி சபூறாவிடம் மெல்லச் சொன்னான். “நான் கடலுக்குப் போட்டு வாற ஆள். ஹோர்னைக் கேட்டால் அவா இப்படித்தான் ஓடிவாறவா. ஒவ்வொரு நாளும் இந்த வாயாலை இல்லை, இல்லையெண்டு சொல்ல ஏலாமல் போச்சு அக்கா. அதுதான் உருட்டிக்கொண்டு போறனான்.”

அவன் மெல்லச் சொன்னாலும் மரியமலருக்குக் கேட்டுவிட்டது.

“அதுதானோ?” என்றாள். “நான் வேறை மாதிரியெல்லே நினைச்சன்.”

“என்னெண்டு அக்கா?”

“எங்கட படலையடியிலை ஹோர்ன் சத்தம் நிண்டு போச்சு. அப்ப, கடலிலை எல்லாரும் அவனைத் தேடுறதை விட்டிட்டினம் எண்டு நினைச்சன். பிறகு ஆருக்குக் கதவைத் திறக்கிறது? சாத்திப்போட்டுக் கிடந்தனான்.”

கிறகோரிக்கு அழுகை வந்துவிட்டது. சபூறாவுக்கும்தான்.

அடுத்த நாள் ஹோர்ன் முடக்கில் நிற்கவில்லை. பாம் பாம் என்று வந்து இரண்டு படலைகளுக்கும் நடுவில் நின்றது.

சட்டியோடு வந்த சபூறா தன் படலையடியிலேயே நின்றுகொண்டாள். முதலில் கேட்க வேண்டியவள் எதிர்வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

“இல்லையக்கா,” என்றான் கிறகோரி. “ஆனா இண்டைக்கும் தேடினனாங்கள்.”

அது உண்மையா என்று சபூறா கேட்கவில்லை. மரியமலரும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நின்ற சபூறாவைப் பார்த்தாள்.

“சரி தம்பி. எங்கட அக்கா எவ்வளவு நேரமாக் காத்துக்கொண்டு நிக்கிறா. அவாவுக்கு நல்ல மீனாப் பாத்துக் குடு.”