தொட்டியில் பாசி

"மறுபடியும் பாசி! இந்தாத்துல சொன்னா யாருக்காவது உறைக்கறதா?"

மீன்தொட்டியின் முன்னால் நின்று கஸ்தூரிரங்கன் போட்ட கத்தலில் மந்தைவெளி ஃபிளாட்டே அதிர்ந்தது.

ஹம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இரையைக் குறைன்னேள், குறைச்சேன். மருந்து வேண்டாம், நத்தை விட்டா அதுவே பாசியைத் தின்னுடும்னேள், விட்டாச்சு. இன்னும் என்ன?"

"லைட்! வெளிச்சம் ஜாஸ்தியானா பாசி மண்டும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாள் முழுக்க எரிய விட்டுண்டிருக்கே!"

"நான் அந்த சுவிட்சைத் தொடறதே இல்லை."

"பின்னே, பேய் வந்து போடறதா?"

பதில் சொல்ல வாயெடுத்தவளைக் கையமர்த்தினார். ஆபீஸ் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, லேப்டாப்பைத் திறந்தார். அப்படியே கையைப் பின்னால் நீட்டித் தொட்டி லைட்டைப் போட்டார்.

"ரங்கன் சார், உங்க பேக்கிரவுண்டே தனி!" என்றது லேப்டாப்பிலிருந்து ஒரு குரல். "காலைல பேசினாலும் ராத்திரி பேசினாலும் அந்தத் தொட்டி ஜொலிக்குதே!"

கஸ்தூரிரங்கனுக்கு வாயெல்லாம் பல்.

ஹம்சா நேராக வந்து, ஆபீஸே பார்க்க, லைட்டின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னடி இது?"

"பேயைப் பிடிச்சுட்டேன்."