சின்னவன்

அத்தை கதவுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இனி அவளுக்குத் தெரியாமல் ஒரு ஈ எறும்புகூட அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் வர முடியாது. கட்டிலில் கிடந்த மருமகளின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகவும் முடியாது.

"அத்தை, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

"நர்ஸ் வரும்போது கேட்டுக்கலாம்."

"கேன்டீன்ல ஏதாவது குடிக்க..."

"வலி எடுத்தப்புறம் என்ன குடிக்கிறது? பேசாம படு."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். பிரசவ வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம் போலிருந்தது. காலையிலிருந்து அடியில் குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருந்த எரிச்சல்தான் அவளை உலுக்கிப் போட்டது. அது எதற்கு முன்னறிவிப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஹெர்பீஸ். கல்யாணமான புதிதில் புருஷன் தந்த பரிசு. முதல் தடவை கொப்புளம் வந்து அவள் துடித்தபோதுதான், தனக்கு அது முன்பே உண்டு என்று அந்தப் புண்ணியவான் அழுதுகொண்டே சொன்னான். ஒரேயடியாகப் போய்த் தொலைகிற நோயும் இல்லை. உடம்பு கொஞ்சம் அசந்தால் போதும், மறுபடி தலைகாட்டும்.

வேறு ஆஸ்பத்திரியில் ரகசியமாகப் பார்த்த தோல் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கடைசி மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட வேண்டும். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ எரிச்சலோ இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். குழந்தை அந்த வழியாக வந்தால் அதன் உயிருக்கே ஆபத்தாகலாம், ஆபரேஷன்தான் பண்ண வேண்டியிருக்கும்.

மாத்திரை தீர்ந்து ஒரு வாரமாகிறது. புருஷன் வேலையாக வெளியூர் போனான், துணைக்கு அத்தை வந்து இறங்கினாள். மருந்துக் கடைக்குப் போகலாம் என்று எழுந்தால் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மாத்திரையை எப்படிக் கேட்பது?

தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது. புருஷன்தான் செய்தி அனுப்பியிருந்தான். 'கிளம்பிட்டேன். செத்தாலும் அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே.'

"யாரு, சின்னவனா?"

"ஆமா அத்தை. கிளம்பிட்டாராம்."

அத்தைக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவனைப் போய் சின்னவன் என்று கூப்பிடுவாள். ஏன் என்று கேட்டால், "கூப்பிட்டுப் பழகிடுச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த வலி வந்து மருமகள் வியர்த்துக் கொட்டினாள். துடைத்துவிட அத்தை மருமகளின் பையைத் திறந்து துண்டை உருவ, அதோடு ஒரு காலி மாத்திரை அட்டையும் வந்து விழுந்தது. மருமகளுக்கு உயிரே போய்விட்டது. தூக்கிப் போட மறந்து தொலைத்த அட்டை.

அத்தை குனிந்து எடுத்தாள். ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நல்ல வேளை, கண்ணாடி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் அத்தைக்கு பஸ் நம்பர்கூடத் தெரியாது. அட்டையில் இருக்கும் பொடி எழுத்தையா படித்திருக்கப் போகிறாள் என்று மருமகள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"வலி இருக்கட்டும். வேற ஏதாவது பண்ணுதா?" என்றாள் அத்தை.

"ஒண்ணும் பண்ணல அத்தை."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"ஒண்ணும் இல்ல அத்தை."

டாக்டரம்மா வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கு. பிரசவ அறைக்குக் கொண்டுபோயிடலாம். எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான், கீழ புண்ணு, கொப்புளம், எரிச்சல்னு ஏதாவது இருக்காம்மா?"

இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. சொல்லிவிட மருமகள் வாயைத் திறந்தாள். டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னால் அத்தை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொன்னால் பழி முழுக்கத் தன் தலையில்தான் விழும். புருஷனா வந்து உண்மையைச் சொல்லப் போகிறான்? சொல்லாவிட்டால் பிள்ளை.

"இல்ல டாக்டர்."

சொன்ன மறுகணமே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தன் பிள்ளைக்குத் தானே இப்படிச் செய்துவிட்டோமே என்று வயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

"அட, பயப்படாதேம்மா" என்று டாக்டரம்மா திரும்பினார். அத்தை வழியை விடவில்லை.

"பொய் சொல்றா டாக்டர். ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்." கைப்பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "எரிச்சல் இருக்கா? எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து..."

"இதைச் சொல்ல வேண்டாமா! நர்ஸ், ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க!" என்று வெளியே ஓடினார்.

அறையில் மாமியாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள். மருமகளுக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அத்தை, நான் தப்பானவ இல்ல. சத்தியமா..."

அத்தை துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதாடி? அந்த அட்டையை அடையாளம் தெரிய எனக்குக் கண்ணாடி எதுக்கு? மூத்தவனைப் பெக்கப் போனப்போ, நானும் 'இல்ல டாக்டர்'னுதான் சொன்னேன்."